பஸ் வரும் என்றது என் குரல்

என் குரலைக் கேட்டால் எனக்குக் குமட்டும். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண வீடியோவில் நான் பேசுகிற இடம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூச்சமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆறு வருஷம் அந்தக் குரலை வைத்துத்தான் சோறு தின்றேன். அதன் லட்சணம் எனக்குத் தெரியும்.

நான் பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரத்துக்காரி. கீழே சமவெளியில் இருக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் கொடைக்கானலில் ஒரு கிளை வளாகம் வைத்திருந்தது. அங்கே ஒரு வானொலி நிலையமும், அதற்கு அடுத்த அறையில் தொலைக்காட்சி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டிய இன்னொன்றும் இருந்தன. எனக்கு வானொலியில் அறிவிப்பாளர் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். அந்தக் கோப்பு நிலைய இயக்குநரின் மேசையில் கிடக்கும். அவர் மனது வைத்தால் நகரும்.

இயக்குநர் வணிகவியல் பேராசிரியர். வானொலி அவருக்குக் கூடுதல் பொறுப்பு. ஒலிப்பதிவு அறைக்குள் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, நிகழ்ச்சி நன்றாக வந்திருக்கிறது என்பார். காது மூடியிருக்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்டதில்லை.

தொலைக்காட்சி நிலையம் என்பது ஒரு பச்சைத் துணி, ஒரு கேமரா, இரண்டு விளக்கு. துணைவேந்தருக்குப் பொன்னாடை போர்த்துவது, துணைவேந்தர் பொன்னாடை போர்த்துவது, துணைவேந்தர் மரக்கன்று நடுவது, இந்த மூன்றையும் படம் பிடித்துக் கேபிளில் ஓட்டுவதுதான் அதன் சோலி. ஒரே குழியில் மூன்று வருஷம் மரக்கன்று நட்டார்கள். முதல் கன்று பட்டுப்போனது, இரண்டாவதும் பட்டுப்போனது, குழி மட்டும் நன்றாக வளர்ந்தது. கொடைக்கானலைத் தாண்டி உள்ளே இருக்கும் மேல்மலைக் கிராமங்களுக்கு அந்தக் கேபிள் போகவில்லை என்பதால் அங்கே இருக்கிறவர்கள் தப்பித்தார்கள்.

வானொலியை மட்டும் ஆட்கள் கேட்டார்கள். எங்கள் பேச்சுக்காகக் கேட்கவில்லை, பஸ்ஸுக்காகக் கேட்டார்கள். மேல்மலையில் மழை பெய்தால் சாலையில் மரம் விழும், மண் சரியும். அன்றைக்கு எந்த ஊருக்குப் பஸ் போகும், எந்த ஊருக்குப் போகாது என்பது டிப்போவில் இருக்கும் டைம் கீப்பருக்குத்தான் தெரியும். நான் காலையில் அவருக்குப் போன் போட்டு, அவர் சொல்வதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வேன். ஏழு மணி நேரலை நிகழ்ச்சி தொடங்கியதும் முதல் வேலையாக அதை வாசிப்பேன். யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், போகாத பஸ்ஸுக்கு ஒரு கர்ப்பிணி காத்துக் கிடந்ததாக ஒருவர் நேரலையில் திட்டினார். மறுநாளிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

மேல்மலையில் கூக்கால் என்ற ஊர்க்காரர்களுக்கு அது ரொம்பவே அவசியம். பூம்பாறை தாண்டிப் போகும் பெரிய சாலையிலிருந்து அவர்கள் ஊருக்கு ஒரு சாலை பிரியும். உட்சாலை கெட்டுப்போனால் பஸ் ஊருக்குள் வராது, பிரிவிலேயே திரும்பிவிடும். ஊரிலிருந்து பிரிவுக்கு ஒன்றரை மணி நேர நடை. நான் ‘பிரிவு வரைதான்’ என்று வாசித்தால் உடனே கிளம்பி நடப்பார்கள். ‘வழக்கம்போல வரும்’ என்று வாசித்தால் ஊரிலேயே நிற்பார்கள். எங்கள் ஒலிபரப்பு அங்கே மேட்டு வீடுகளில்தான் எடுக்கும், அதுவும் இரைச்சலோடு. மேட்டு வீட்டில் கேட்டுவிட்டு ஒருத்தர் கீழே கத்திச் சொல்வாராம், ஊரே தெரிந்துகொள்ளுமாம்.

இதை எனக்குச் சொன்னது அந்த மேட்டு வீடு ஒன்றிலிருந்து நேரலைக்குப் பேசிய ஒரு பெண். பன்னிரண்டாவது முடித்திருந்தாள். எங்கள் வளாகத்தில் மலைக் கிராமத்துப் பெண்களுக்கென்று தோட்டக்கலைப் பட்டயப் படிப்பு தொடங்குகிறார்கள், விடுதியும் உண்டு என்று நான்தான் தினமும் அறிவித்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டுப் போன் போட்டாள்.

“அக்கா, நான் சயின்ஸ் குரூப் இல்லக்கா. சேரலாமா?”

விசாரித்து மறுநாள் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சேரலாம் என்று சொன்னேன். அதற்கப்புறம் வாரம் ஒருமுறையாவது பேசுவாள். அவள் அம்மா அடுத்தவர் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவர். இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் தானும் பூண்டுக் காடுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கலந்தாய்வுக்குக் கடிதம் வந்த அன்று நேரலையிலேயே கத்தினாள். எனக்கும் கண் கலங்கியது. அப்போது என் குரல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்தை மதிப்பிட்டுத் தரம் போட ஒரு குழு வருவதாக உத்தரவு வந்தது. வளாகத்துக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. விடுதிக் கக்கூஸுக்குப் பல காலமாக இல்லாத கதவு ஒரே நாளில் வந்தது. நூலகத்தில் மழையில் நனைந்து வீங்கிய புத்தகங்களைச் சாக்கில் கட்டி, நாங்கள் ஒலிநாடாக்கள் வைக்கும் அறையில் போட்டார்கள். குழு வரும் நாளில் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் கும்பலாக நின்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்று கலந்தாய்வையும் அதே நாளில் வைத்தார்கள்.

குழு காலை ஏழு மணிக்கு நேரலையைப் பார்க்கும் என்று முடிவானது. இயக்குநருக்கு நேரலை என்றாலே ஆகாது. முந்தின வருஷம் துணைவேந்தர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி போனில் வந்து, “கக்கூஸுக்குக் கதவு எப்ப சார் போடுவீங்க?” என்று கேட்டுவிட்டாள். அதனால் என்னைக் கூப்பிட்டு, “லைவ்ல ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. மொத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணி வச்சிருவோம்” என்றார்.

“குழுகிட்ட நேரலைன்னு சொல்லிட்டோமே சார்?”

“லைவ் மாதிரி ரெக்கார்ட் பண்ணு.”

மூன்று நாள் முன்னால் பதிவு செய்தோம். வளாகத்து டிரைவர் கூக்கால் பூண்டு விவசாயி ஆனார். அவர் கீழே சமவெளியில் வத்தலக்குண்டுக்காரர், பூண்டைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறார். பக்கத்து அறையிலிருந்து எங்களுக்குப் போன் போட்டு, “பல்கலைக்கழகத்தால எங்க வாழ்க்கையே மாறிப்போச்சுங்கம்மா” என்று நாலு தடவை சொன்னார். நாலாவது தடவைதான் சிரிக்காமல் சொன்னார். இயக்குநர் கைதட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், அதை மறைப்பானேன்.

பஸ் செய்தி வாசிக்கிற இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். “இது அன்னைக்குக் காலைலதான் சார் தெரியும்” என்றேன்.

“டெய்லி வர்ற பஸ்தானேம்மா? வரும்னு சொல்லு.”

அன்றைக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நாள் காலையில் ஏதாவது மாற்றம் இருந்தால் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நேராகப் பேசிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “மன்னவனூர், கூக்கால் பேருந்துகள் இன்று வழக்கம்போல வரும்” என்று நல்ல தெளிவாக, இனிக்க இனிக்கப் பதிந்தேன்.

குழு வந்த அன்று இரவெல்லாம் மழை பெய்து விடிந்திருந்தது. டைம் கீப்பருக்குப் போன் போட்டேன்.

“கூக்காலுக்குள்ள போகாதும்மா. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. பிரிவோட திரும்பிரும். ஒம்பது மணிக்கெல்லாம் பிரிவுல இருக்கும், சனங்கள வெரசா கெளம்பச் சொல்லிருங்க” என்றார்.

துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு ஓடினேன். இயக்குநர் கோட்டு போட்டு வாசலில் ரோஜாப் பூக்களோடு நின்றுகொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். அவர் படிக்கவில்லை.

“இப்ப வந்து இதச் சொல்றியே, அவங்க கார் கேட்டுக்கிட்ட வந்தாச்சு.”

“ஒரு நிமிஷம் போதும் சார். இன்னைக்குக் கலந்தாய்வு இருக்கு. கூக்கால்ல இருந்து பிள்ளை வருது.”

“ஒரு பிள்ளைக்காக மொத்த கிரேடையும் கெடுப்பியா? போ, போய் உக்காரு.”

போய் உட்கார்ந்தேன். இந்த இடத்தை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

ஒலிப்பதிவு அறைக்கும் வெளி அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழு நின்றது. இந்தப் பக்கம் நான் மைக் முன்னால், ஹெட்போன் மாட்டி, பட்டுச்சேலையில். மைக் அணைந்திருந்தது. ‘ஒலிபரப்பில்’ என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு ஓடத் தொடங்கியதும் நான் வாயசைக்க வேண்டும். முந்தின நாள் மூன்று தடவை அதற்கு ஒத்திகை பார்த்திருந்தோம்.

வணக்கம் சொல்லி வாயசைத்தேன். நேரலையில் உங்களோடு இணைவதில் மகிழ்ச்சி என்று வாயசைத்தேன். அடுத்தது பஸ் செய்தி. இடது கையில் டைம் கீப்பர் சொன்ன சீட்டு வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. காதில் என் குரல், கூக்கால் பேருந்து வழக்கம்போல வரும் என்றது. அதற்கு நான் வாயைத் திறந்து மூடினேன். மைக்கின் பொத்தான் என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. ஒப்பந்தக் கோப்பு ஞாபகம் வந்தது. கூக்காலில் ஒருத்தர் மேட்டிலிருந்து கீழே பார்த்து “பஸ் வருதாம்” என்று கத்துவதும் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழுவில் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போன் போட்டேன். மழைக்குப் பிறகு மேல்மலையில் டவர் கிடைக்காது. எட்டரை வரைக்கும் போட்டுப் பார்த்தேன். அதற்குள் குழுவுக்கு இட்லி பரிமாற ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பட்டுச்சேலையோடு சட்னி ஊற்றினேன்.

கலந்தாய்வு பதினொரு மணிக்குத் தொடங்கியது. அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். பட்டியலில் ‘வரவில்லை’ என்று எழுதி, அடுத்தவளைக் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்தார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு அவளும் அவள் அம்மாவும் வந்தார்கள். முழங்கால் வரை சேறு. சான்றிதழ்களை உரச்சாக்கு பிளாஸ்டிக்கில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பேசியதும் தெரிந்துவிட்டது.

“பத்தரை மணி வரைக்கும் ஊருலயே நின்னோம்க்கா. பிரிவுல இருந்து நடந்து வந்தவுக, பஸ் அங்ஙனயே திரும்பிருச்சுன்னாக. பெறகு நடந்து வந்து கேரட் லாரில ஏறுனோம்.”

அவள் அம்மா என் முகத்தையே பார்த்தார். “நீங்கதானம்மா ரேடியோல பேசுறவுக? வரும்னு சொன்னீகளே. நீங்க சொன்னா தப்பாதுன்னுல்ல நின்னோம்” என்றார். குரலில் கோபமே இல்லை. ஏதோ தன் காதில்தான் கோளாறு என்பது போலக் கேட்டார்.

இருவரையும் மனு எழுதச் சொல்லி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தவறு நிலையத்துடையது, அந்தப் பெண்ணுக்கு இடம் தர வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். ஆதாரம் கேட்டார். இருக்கிறது என்று காலையில் எழுதிய துண்டுச்சீட்டை மேசையில் வைத்தேன். சரியான தகவல் கையில் இருந்தும் நாம் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மடச்சியை அந்த வளாகம் அதற்கு முன் கண்டிருக்காது.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். அன்றன்று என்ன ஒலிபரப்பானது என்று எழுதிவைக்கும் நிலைய நாட்குறிப்பு அவர் மேசையில் திறந்து கிடந்தது. முந்தின நாள் ஏழு மணிக்கு நேராக ‘கூக்கால் பேருந்து பிரிவு வரை மட்டும் என அறிவிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் என் துண்டுச்சீட்டைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். என் கையெழுத்து, தேதி, நேரம், டைம் கீப்பர் சொன்னது, எல்லாம் அப்படியே இருந்தது.

“சரியாத்தான் அறிவிச்சிருக்கோம். அவங்க தப்பா கேட்டிருக்காங்க. நீ இதுல ஒரு சைன் போட்டுரு. ஒன் ஃபைலையும் இன்னைக்கே பாத்துர்றேன்” என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. வெளியே வந்து குழாயில் கை கழுவினேன். அதுவும் நடிப்புதான்.

மனு தள்ளுபடி ஆனது. இரண்டு மாதத்தில் குழுவின் அறிக்கை வந்தது. பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் கிடைத்திருந்தது. தொலைதூரக் கிராமங்களுக்கு அன்றன்று பேருந்துத் தகவலை நேரலையில் தரும் வானொலிச் சேவை பாராட்டுக்குரியது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஒலிப்பதிவு அறையில் மாட்டினார்கள். கேக் வெட்டினார்கள். பச்சைத் துணிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் துணியில் வந்த கஞ்சி வாடையை நினைத்தால் இப்போதும் வாந்தி வருகிறது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கூக்கால் போனேன். மேட்டு வீட்டு வாசலில் அந்தப் பெண் பூண்டுத் தாளை அறுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோடு கூலிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாள் முன்னால் பதிந்தது, வாயசைத்தது, சீட்டு, கையெழுத்து, எதையும் விடவில்லை. அவள் அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. அவளுக்கு முழுக்கப் புரிந்தது. அறுப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருஷம் நீ மறுபடி விண்ணப்பம் போடு. நடந்ததையெல்லாம் நான் எழுதிக் கொடுத்திர்றேன்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப சொல்றது இன்னைக்குச் சொல்றதாக்கா, இல்ல இதுவும் பதிஞ்சு வச்சதா?”

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழிக்கச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பிரதியைத் துணைவேந்தருக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பாலசமுத்திரத்துக்கே திரும்பி வந்து, பழனியில் ஒரு துணிக்கடையில் கணினியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பேச வேண்டிய தேவை குறைவு.

மறுவருஷம் அவளுக்கு மறுபடி கலந்தாய்வுக் கடிதம் வந்தது. முந்தின நாள் பேசினாள், நல்லபடியாகப் போய்வா என்றேன். அன்று காலை ஏழு மணி சுமாருக்கு நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது.

“அக்கா, ரேடியோல ஒங்க கொரல் வருது” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “நான் வீட்டுல நிக்கிறேன்டி” என்றேன்.

“தெரியும்க்கா. ஆள் இல்லாத அன்னைக்கெல்லாம் அந்தப் பழசத்தான் போடுறாக. நீங்க வணக்கம் சொல்றீங்க, நேரலைங்குறீங்க, அந்தப் பூண்டுக்காரர் கூட வருவாரு.”

“பஸ் என்ன சொல்றேன்?”

“கூக்காலுக்கு வழக்கம்போல வரும்னு சொல்றீங்க.”

வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடி மலையைப் பார்த்தேன். மேலே கருமேகம் கட்டியிருந்தது. “ஏய், அங்க மழையா? நீ எங்க நிக்கிற?” என்று கத்தினேன்.

“பிரிவுலக்கா. அம்மாவும் நானும் வெள்ளனே நடந்து வந்துட்டோம். அம்மா போன்ல ரேடியோ வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கு” என்றாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள். “நீங்க பதறாதீங்கக்கா. நீங்க சொன்னத நாங்க நம்பல.”

நல்லவேளை என்றேன்.